மற்றவை

காலை ஐந்து பத்து. பெட்போர்டில்
தெருவிளக்குகள் மூடுபனியில் ஊறிக் கிடக்கின்றன.
மணிக்கட்டுக்கு அடியில் பச்சை வெளிச்சம்
தோலைத் தட்டித் தட்டி ரத்தத்தை எண்ணுகிறது.
"நன்றாக ஓய்வெடுத்திருக்கிறாய், பெள்ளிராஜ்.
இன்று கூடுதலாக ஓடலாம்."

நம்பினேன்.
பதினோரு வாரம் நம்பினேன்.

சிம்ஸ் பார்க்கைத் தாண்டி லேம்ஸ் ராக் சாலையில் ஏறுவேன்.
சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்விட்டால்
செயற்கைக்கோளுக்கு என்னைத் தெரியாது.
நான் மூச்சிரைக்க ஏறிய வளைவுகளை
ஒரே கோடாக இழுத்துவிட்டு
தேயிலைச் செடிகளின் மேல் என்னைப் பறக்கவிடும்.

ஒருநாள் திருப்பத்தில் காட்டெருமை.
நின்றேன். அதுவும் நின்றது.
"ஓட்டம் இடைநிறுத்தப்பட்டது" என்று எழுதிவிட்டு
இதயத் துடிப்பு நூற்று எழுபத்தொன்று என்றது கடிகாரம்.
அத்தனை வேகமாக
நான் ஓடியும்கூட ஓடியதில்லை.

பிறகு வந்தது வலி.
வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே,
எலும்பின் உள்விளிம்பில்
ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு.
"விரல் வைத்துக் காட்ட முடிகிற வலியென்றால்
கொஞ்சம் பயப்படுங்கள்" என்றார்
வெலிங்டனில் பிசியோ பார்க்கும் ஹெலன் சுகிர்தா.
பட்டாணி அளவு சென்சார் ஒன்றை
என் ஷூ லேஸில் கோத்து ஓடவிட்டார்.
இடது காலுக்கு நாற்பத்தெட்டு பங்கு,
வலதுக்கு ஐம்பத்திரண்டு.
தரையை விட்டுக் கிளம்ப
வலது பாதம் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறதாம்,
கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு.

"வாட்சை எப்போ கழட்டுவீங்க?"
"வேலைக்குப் போறப்ப, மேடம். கீறல் விழுந்துரும்.
இன்னும் நாலு தவணை பாக்கி."
"என்ன வேலை?"

குன்னூரில் வண்டி நிற்கும் இடத்தில் வீடு இருக்காது.
ஓட்டுப்பட்டறையில் ஒரு வீட்டுக்கு
நூற்றுப் பன்னிரண்டு படி.
நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ,
அதில் பாதி வெறும் இரும்பு.
ஏறும்போது நிறைந்தது, இறங்கும்போது காலி,
எல்லாம் வலது தோளில்தான்.
இடது தோள் என்று ஒன்று இருப்பது
சட்டை போடும்போது ஞாபகம் வரும்.

அந்த ஒன்பது மணி நேரமும் கடிகாரம்
பீரோவில், மடித்த வேட்டிக்குள் படுத்தபடி
என் கணக்கில் ஓய்வு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

புதன்கிழமை கழற்றவில்லை.
கர்ச்சீப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு
முப்பத்து நாலு சிலிண்டர்.
மூன்று மணிக்குச் சிவந்துவிட்டது.
பயிற்சிச் சுமை மிக அதிகம். இரண்டு நாள் ஓய்வு தேவை.
சுமை! அந்தச் சொல்லை அதன் வாயிலிருந்து கேட்டதும்
படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஏஜென்சியில் முனீர் அண்ணனிடம் நீட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"நல்லாருக்குடா. என்ன வெலை?" என்று கேட்டுவிட்டு
மவுண்ட் ரோடு ரசீதுகளைக் கையில் கொடுத்தார்.

ஆக, ஓய்வு ஓட்டத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.
வியாழன், வெள்ளி ஓடவில்லை.
ஞாயிறு பதினெட்டு கிலோமீட்டர் ஏழாயிற்று.
கோத்தகிரி அரை மாரத்தானுக்கு ஐந்து வாரம் இருக்கிறது;
அதைப் பற்றி எலும்பு ஒன்றும் சொல்லவில்லை,
மேடமும் சொல்லவில்லை.

இப்போது வேலைக்குக் கிளம்புமுன்
செயல்பாட்டைத் தேர்ந்தெடு என்கிறது.
தள்ளிக்கொண்டே போகிறேன்.
படகு வலித்தல் இருக்கிறது.
குதிரைச் சவாரி. பனிச்சறுக்கில் மட்டும் மூன்று வகை.
கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, "மற்றவை."
அழுத்துகிறேன். நொடிகள் ஓடத் தொடங்குகின்றன.

முதல் சிலிண்டரை இடது பக்கம் ஏற்றுகிறேன்.
விடிகாலை இரும்பு, பனிக்கட்டி மாதிரி.
எங்கே உட்காருவதென்று தெரியாமல்
கழுத்தோரம் புரண்டு புரண்டு பார்க்கிறது.
மேல் வீட்டு நாய்
யாரோ புது ஆள் என்று குரைக்கிறது.